காத்தாடிக்குள் ஒரு பின்பாட்டு

ஆனி, ஆடியில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி பஸ்ஸில் போனால், ஆரல்வாய்மொழி வந்ததும் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். கணவாய்க் காற்று முகத்தில் அறையும். கரண்ட் எடுக்கிற முப்பந்தல் காத்தாடிகளுக்கு அதுதான் சோறு. ஆனால் அது சீராக அடிக்கிற காற்றில்லை. ஓங்கும், சட்டென்று தளரும். நம் வீட்டுக்கு வரும் கரண்ட்டோ எப்போதும் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை.

பழைய காத்தாடிகளின் ஜெனரேட்டர் நேராக கிரிட்டோடு, அதாவது ஊரெல்லாம் கரண்ட் கொண்டுபோகும் மின் வலைப்பின்னலோடு, கட்டப்பட்டது. நான்கு காந்தத் துருவம் உள்ள ஜெனரேட்டர் என்றால், அந்த 50 ஹெர்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்று மேலேயே ஓட வேண்டும். காற்று உதைத்தால் உதை முழுக்க கியர்பாக்ஸுக்கு.

புதியவற்றில் நடுவே கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஜெனரேட்டர் எந்த வேகத்தில் சுற்றினாலும் வருகிற கரண்ட்டை ஒரே திசையில் பாயும் டி.சி. ஆக்கி, கெபாசிட்டரில் தேக்கி, மறுபக்கம் 50 ஹெர்ட்ஸில் அலையடிக்கும் ஏ.சி.யாக விடும். குளமும் மடையும் மாதிரி. ஆனால் சில மில்லி நொடியில் நிரம்பிவிடும் குட்டிக் குளம். அதனால் கன்ட்ரோலர் டி.சி. வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏறினால் கூடுதலாகத் திறக்கும். காற்றின் உதையை வாங்கிக்கொள்வது கெபாசிட்டர் இல்லை, வேகம் கூடிச் சுற்றும் இறக்கைதான். சில மாடல்களில் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கன்வெர்ட்டர் வழியாகப் போகும், செலவு மிச்சம்.

டி.சி.யிலிருந்து அலை எப்படி வருகிறது? உள்ளே இருப்பது ஐ.ஜி.பி.டி. என்னும் சிலிக்கான் சுவிட்ச். மடை மாதிரி முழுக்கத் திறந்து கரண்ட்டை விடும், இல்லையென்றால் மூடும்; அரைகுறை கிடையாது. நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. அலையின் முகட்டில் அதிக நேரம் திறந்திருக்கும், ஓரத்தில் இமைப்பொழுதுதான். வெளியே இருக்கும் சுருள் அந்தத் துண்டுகளைச் சேர்த்து வழவழப்பாக்கும். (சில வீட்டு இன்வெர்ட்டரில் ஃபேன் 'ங்ங்' என்று முனகும், அது சதுர அலை.)

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். வில்லுப்பாட்டில் வில்லடிக்கிறவர் எடுத்துக்கொடுக்க, பின்பாட்டுக்காரர் தாளம் பிடித்து 'ஆமா' போடுவார். இன்றைய பெரும்பாலான கன்வெர்ட்டர்கள் பின்பாட்டுக்காரர்கள். கிரிட்டின் வோல்டேஜ் அலையை ஓயாமல் கேட்டு, அதே தாளத்தில் கரண்ட்டைச் சேர்க்கும். வில்லடிப்பவை அனல், நீர், அணு மின் நிலையங்களின் கனத்த சுழலிகள். அவை குறையக் குறைய தாளம் பலவீனமாகும்; எல்லாரும் 'ஆமா' போட்டால் கதை சொல்ல ஆளில்லை.

அதனால் கன்வெர்ட்டருக்கே வில்லைக் கொடுத்துப் பழக்குகிறார்கள். இந்த வகை கிரிட்டைக் கேட்டுப் பின்தொடராது. தானே ஒரு வோல்டேஜ் அலையை உருவாக்கி நிலையாகப் பிடித்து வைக்கும். கிரிட்டின் தாளம், அதாவது அந்த 50 ஹெர்ட்ஸ், இறங்கினால் அந்தக் கணமே கூடுதல் மின்சாரம் அதிலிருந்து பாயும். அதைக் கொடுக்கப் பின்னால் பேட்டரி மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். குட்டிக் குளம் போதாது.