ஆயிரம் ரூபாயை நம்பித் தளம் போடாதீர்கள்

சென்ற வாரமும் ஒரு வீடு. பாம்பன் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரம். லிண்டல் மட்டத்தோடு, அதாவது கதவு ஜன்னலுக்கு மேல் வரும் உத்தர உயரத்தோடு, வேலை நின்றுபோயிருக்கிறது. தூணுக்கு மேல் நீட்டிய கம்பியைத் தட்டினால் துரு செதில் செதிலாக உதிர்கிறது. வீட்டுக்கார அம்மா கடல்பாசி எடுப்பவர். மகளிர் உரிமைத் தொகை வருகிறதே என்ற தைரியத்தில் குழுக்கடன் வாங்கிவிட்டார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு நின்றது, வீட்டு வரும்படி நின்றது, தவணை நிற்கவில்லை.

இந்தக் கரையில் கட்டட வேலை பார்க்கும் எனக்குச் சொல்லிச் சொல்லியே சலித்துவிட்டது. மாதாமாதம் வரும் சிறு பணத்தைத் தவணைக்கு அடகு வைக்காதீர்கள்.

"அடிப்படை வருமானம் வந்தால் ஆளுக்கொரு மாடி வீடு கட்டலாமே" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். உரிமைத் தொகைக்குத் தகுதி வரம்பு உண்டு. அடிப்படை வருமானம் நிபந்தனையின்றி ஒவ்வொருவருக்கும் கொடுப்பது. மத்தியப் பிரதேசக் கிராமங்களில் 2011 வாக்கில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு அப்படிக் கொடுத்துப் பார்த்தபோது, பலர் சுவரையும் கூரையையும் சீர்செய்தார்கள். மாடி எழுப்பவில்லை. கென்யாவில் நடந்த இதுபோன்ற ஆய்வில், மொத்தமாகப் பணம் பெற்றவர்கள் நீடித்து உழைக்கும் பொருள்களில் கூடுதலாகப் போட்டார்கள். மாதாமாதம் பெற்றவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலை குறைந்தது. மாதப் பணம் முதலில் உலைக்குத்தான் போகும், மிஞ்சியதுதான் சுவருக்கு.

ஆகவே வளரும் வீடாகத் திட்டமிடுங்கள். இந்தூரின் ஆரண்யா குடியிருப்பில் கட்டடக்கலைஞர் பி.வி. தோஷி செய்தது இதுதான்: மனை, கழிப்பறை, அடித்தளம் முதலில், மீதியைக் குடும்பம் தன் வசதிப்படி கட்டிக்கொள்ளும். ஆனால் நம் உப்புக்காற்றில் வீடு மேல்நோக்கி வளரக் கூடாது. நாளைய மாடிக்கென்று விட்டுவைக்கும் கம்பி, மாடி வருவதற்குள் துருப்பிடித்துவிடும். பக்கவாட்டில் வளருங்கள்.

ஓட்டு வீடு ஏழை வீடு என்று யார் சொன்னது? ஓட்டில் துருப்பிடிக்கக் கம்பி இல்லை. ஓர் ஓடு உடைந்தால் அந்த ஓட்டை மட்டும் மாற்றலாம். கான்கிரீட் கூரைத் தளத்துக்குள் கம்பி துருப்பிடித்து உப்பினால் கான்கிரீட் பெயர்ந்து விழும். மேலே சிமெண்டு பூசி மறைப்பது வைத்தியமே அல்ல, உள்ளே துரு தன் வேலையைத் தொடரும். கௌரவத்துக்காகத் தளம் போட்டவர்கள், இரண்டாம் முறை செலவுக்கு என்னிடம் வரும்போது கௌரவம் பேசுவதில்லை. புயலுக்கு மட்டும் ஓட்டுச் சட்டத்தைச் சுவரோடு இறுகப் பிணையுங்கள்.

தளம்தான் வேண்டுமென்றால், கடல் மணலும் உவர்க் கிணற்று நீரும் கலவையில் சேரவே கூடாது. கடலோரத்துக்கு எம்30 என்ற வலுவான தரக் கலவை, கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் என்பது இந்தியத் தர விதி. கம்பிக்கு அந்த இடைவெளி விடும் கவர் பிளாக் கட்டைகளை வைக்காமல் ஜல்லியை முட்டுக்கொடுத்தால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள்.

தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடு கிடைக்கிறவர்களே, தயவுசெய்து அதை மனையின் நட்டநடுவில் குறிக்காதீர்கள். ஓரமாகக் குறியுங்கள், அடுத்த அறைக்கு இடம் வேண்டும். மேஸ்திரி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.