ராத்திரி ரோட்டோரம் நிற்கும் டிரெய்லர்: சட்டம் என்ன கேட்கிறது?

சம்பா அறுவடை வந்துவிட்டால் மன்னார்குடி, திருவாரூர் பக்கம் கொள்முதல் நிலையங்களுக்கு முன்னால் நெல் டிராக்டர்கள் விடிய விடிய வரிசை கட்டி நிற்கும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். ஒதுங்க இடம் கிடையாது. தை மாதப் பனியில் பைக்கில் வருகிறவருக்கு அந்த டிரெய்லர் கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரியும்.

நிற்கிற வண்டிக்கு என்ன விதி என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 104-ஆவது விதிப்படி, டிரெய்லருக்கும் சேர்த்து, பின்பக்கம் இரு ஓரத்திலும் சிவப்பு ரிப்ளெக்டர் வேண்டும். சாலையில் நிற்கும்போதும் பார்க்கிங் லைட் எரிய வேண்டும் என்கிறது 109-ஆவது விதி. ஆபத்து உண்டாகும்படி வண்டியையோ டிரெய்லரையோ பொது இடத்தில் விட்டுவைப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவுப்படி தவறு. பழுதான வண்டி போக்குவரத்தை மறித்தால் 201-ஆவது பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம். இழுத்துப்போகும் செலவும் நம் தலையில்தான்.

அபராதத்தை விட எனக்குக் கவலை வைக்கோல்தான். பாரம் பின்பலகையைத் தாண்டித் தொங்கி ரிப்ளெக்டரை மூடிவிடுகிறது. நெல் வண்டியில் அதே வேலையைப் படுதாவின் நுனி செய்யும். மிச்சத்தை வயல் சேறு அப்பிக்கொள்ளும். டிராக்டரிலிருந்து டிரெய்லருக்குப் போகும் லைட் ஒயரோ சொருகப்படாமல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். புறப்படும் முன் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, ஒயரைச் சொருகி ஒரு பார்வை: இரண்டு நிமிடம் ஆகாது. வைக்கோல் பாரம் என்றால் இன்னொரு ரிப்ளெக்டரைக் கயிற்றில் கட்டி, பாரத்தின் மேலேயே தொங்கவிடுங்கள்.

வண்டி நின்றுபோனால் நம் ஊரில் கல்லை அடுக்கி, வேப்பந்தழையை ஒடித்துப் போடுவோம். பகலில் சரி. இரவில் தழையும் இருட்டு, கல்லும் இருட்டு. காரோடும் லாரியோடும் வரும் சிவப்பு முக்கோணம் வெளிச்சம் பட்டதும் மின்னும். கடையில் தனியாகவும் வாங்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். அதனால் முக்கோணத்தை வண்டியை ஒட்டி வைத்துப் பயனில்லை. பின்னால் குறைந்தது 65 தப்படி நடந்து வையுங்கள். வளைவோ வாய்க்கால் பாலத்து மேடோ இருந்தால், வருகிறவர் அதை எட்டும் முன்பே பார்க்கும்படி இன்னும் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் அதன் உதவி எண்ணான 1033-க்கு அழைத்துச் சொல்லுங்கள்.

வண்டி கிளம்பும்போது, வைத்த கல்லை நீங்களே ஓரம் தள்ளிவிட்டுப் போங்கள். மறுநாள் ராத்திரி யாரோ ஒருவரின் பைக் சக்கரம் அதில்தான் ஏறும்.