பந்து வருமுன் தலை திரும்புகிறதா?

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரே கால்பந்து மேட்ச்சில் இரண்டு கோல் போட்டாளாம், ஆனால் பார்க்க வந்த கல்லூரி கோச்சிடமிருந்து அழைப்பு போனது ஒரு கோல்கூடப் போடாத, மைதானத்தின் நடுவில் ஆடும் மிட்ஃபீல்டர் பெண்ணுக்கு. எதை வைத்துத்தான் எடுக்கிறார்கள்?

விதிகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் டிவிஷன், அதாவது மேல்மட்டப் பிரிவின் கோச்கள், மாணவி பத்தாம் வகுப்பு முடித்த பிறகு வரும் ஜூன் 15 வரை சேர்க்கை பற்றி அவரிடம் பேசக்கூடாது, ஆனால் ஆட்டத்தைப் பார்க்கலாம். மூன்றாம் டிவிஷனிலும், ஹார்வர்ட், யேல் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஐவி லீகிலும் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. எல்லாவற்றுக்கும் முன்னால் கோச் பார்ப்பது, தன் அணியில் எந்த இடம் எப்போது காலியாகும் என்பதை. இளம் கோல்கீப்பர் இரண்டு பேர் ஏற்கெனவே இருந்தால் எவ்வளவு திறமையான கீப்பருக்கும் அங்கே இடம் கஷ்டம்தான்.

சரி, இடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உயரமும் வேகமும் உடனே கண்ணில் படும், ஆனால் பதினைந்து வயதில் அவற்றை மட்டும் நம்பினால் ஏமாறலாம். உயரம் கிடுகிடுவென்று கூடும் வயது பெண்களுக்குச் சராசரியாக 12, பையன்களுக்கு 14, ஆளுக்கு ஆள் ஓரிரு வருடம் முன்பின் ஆகும். முந்தி வளர்ந்தவர் இன்று எல்லாரையும் தாண்டி ஓடுவார், மற்றவர்களும் வளர்ந்தபின் அந்த இடைவெளி குறைந்துவிடும். பிறந்த மாதக் கதையும் இதேதான். வயதுப் பிரிவு ஜனவரி 1-ல் தொடங்கினால், ஜனவரிக் குழந்தை டிசம்பர்க் குழந்தையைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தது, தேர்வாகிறவர்களிலும் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம். இதை ராசி, நட்சத்திரம் என்று சொல்பவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஆஸ்திரேலியாவில் 1980களின் கடைசியில் வயதுப் பிரிவு தொடங்கும் தேதியை ஜனவரியிலிருந்து ஆகஸ்டுக்கு மாற்றினார்கள், அதிர்ஷ்ட மாதமும் கூடவே நகர்ந்தது.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அனுபவமுள்ள கோச் பல நேரம் பந்தை விட்டுவிட்டு, பந்து இன்னும் வந்து சேராத ஆட்டக்காரரின் தலையையே பார்த்துக்கொண்டிருப்பார். நம் கண் மிகக் கூர்மையாகப் பார்ப்பது நடுவில் சுமார் 2 டிகிரி மட்டும், கையை நீட்டினால் கட்டைவிரல் மறைக்கும் அகலம். பந்தையும், முதுகுக்குப் பின்னால் ஓடிவரும் எதிராளியையும் ஒரே நேரத்தில் பார்க்கவே முடியாது. ஆனால் ஒருவர் தரையோடு பந்தை உதைத்துவிட்டால், அடுத்த கால் தொடும்வரை அதன் பாதை பெரிதாக மாறாது, திசையும் வேகமும் தெரிந்தால் எங்கே எப்போது வரும் என்று மூளையே கணக்குப் போட்டுக்கொள்ளும், ஆகவே அந்தச் சின்ன இடைவெளியில் கண் வேறு வேலை பார்க்கலாம். நல்ல மிட்ஃபீல்டரின் தலை அப்போதுதான் சட்டென்று தோளுக்கு மேல் திரும்பி, ஒரு கணம் நின்று, மறுபடி பந்துக்கு வரும். அந்த ஒரு கணம் நிற்பது முக்கியம், ஏனென்றால் கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது மூளை காட்சியை அடக்கிவிடுகிறது. ஒரு தடவை பார்த்தாலும் போதாது: நொடிக்கு 6 மீட்டர் ஓடும் எதிராளி, பார்த்து ஒரு நொடி ஆவதற்குள் 6 மீட்டர் தள்ளிப் போயிருப்பார், மனத்தில் இருக்கும் படம் அவ்வளவு சீக்கிரம் பழசாகிறது.

நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் தன் குழுவோடு இங்கிலாந்தின் முதன்மைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக் ஆட்டக்காரர்கள் 118 பேரின் தலைத் திரும்பல்களை எண்ணினார். பந்து வருமுன் அதிகம் பார்த்தவர்களின் பாஸ்தான் அதிகம் சரியாகப் போனது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற மிட்ஃபீல்டர் ஃபிராங்க் லாம்பார்டின் கணக்கு நொடிக்கு 0.62 முறை. விளையாட்டு அறிவியல் ஆய்வுகளில் பெண்கள் மிகக் குறைவாகவே இடம்பெறுகிறார்கள், இதே எண்ணிக்கையைப் பெண்கள் ஆட்டத்திலும் இதே அளவுக்கு எடுக்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கோச்சுக்கு வீடியோ அனுப்புகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் பந்து காலுக்கு வந்த பிறகே தொடங்கும், கோலோடு முடியும். ஐந்து நொடி முன்னாலிருந்து வெட்டுங்கள், கேமராவை உயரத்தில் மைதானம் அகலமாகத் தெரியும்படி வையுங்கள், கூடவே முழு மேட்ச் ஒன்றையும் அனுப்புங்கள், அணி தோற்ற மேட்ச்சாக இருந்தாலும் பரவாயில்லை.