கீமோ நடக்கும்போது புரோபயாடிக் பொடி எதற்கு?

கழுத்தில் சென்ட்ரல் லைனோடு (பெரிய ரத்தக்குழாய்க்குள் மருந்து செலுத்தும் குழாய்) கீமோதெரபி வார்டில் இருந்த ஒருவருக்குக் காய்ச்சல் விடவே இல்லை. வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருந்தன. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்ட் வளர்ந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடினால், கட்டிலை ஒட்டிய மேசையில் கிழித்துப் போட்ட புரோபயாடிக் (உயிருள்ள ‘நல்ல’ கிருமிகள் அடங்கிய பொடி) பாக்கெட்டுகள். மருந்துக் கடையில் மகன் தானாகவே வாங்கியது. பொடியைத் தம்ளரில் கரைத்துக் கொடுத்த அதே கையால் அப்பாவின் லைனையும் தொட்டிருக்கிறார். “நல்ல கிருமிதானே டாக்டர், எதிர்ப்புச் சக்திக்காகக் கொடுத்தேன்” என்றார். இதே பதிலை இன்னும் எத்தனை குடும்பங்களிடம் கேட்க வேண்டுமோ!

எந்த நிலையிலும் தீங்கே செய்யாத கிருமி என்று ஒன்று கிடையாது. குடலுக்குள் இருக்கும்வரை, புரோபயாடிக்குகளில் வரும் லாக்டோபாசிலஸ் பாக்டீரியா சாதுதான். கீமோவால் குடலின் உட்சுவர் புண்ணாகி, நியூட்ரோபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை 500க்குக் கீழே இறங்கிய நாளில் அது ரத்தத்துக்குள் புகுந்தால் எதிர்த்து நிற்க ஆளில்லை. உயிருள்ள நுண்ணுயிரைத்தான் விழுங்குகிறீர்கள். சத்து மாத்திரையை அல்ல.

கூடுதலாகப் போட்டால் கூடுதல் பலன் என்பதும் தவறு. ஆன்டிபயாடிக் முடித்தவர்களை வைத்து இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், புரோபயாடிக் எடுத்தவர்களுக்குச் சொந்தக் குடல் பாக்டீரியா திரும்புவது தாமதமானது. எதுவும் எடுக்காதவர்களுக்குச் சீக்கிரமே திரும்பியது. இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை) பெற்ற மெலனோமா என்ற தோல் புற்றுநோயாளிகளைப் பற்றி 2021இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வும் கவனிக்கத்தக்கது. தினமும் 20 கிராமாவது நார்ச்சத்து உண்டு, புரோபயாடிக் எடுக்காதவர்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. எலிகளுக்குப் புரோபயாடிக் கொடுத்தபோது சிகிச்சையின் பலனே குறைந்தது.

குடல் பாக்டீரியாவுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் தொடர்பு இருப்பது உண்மை. ஆய்வுகளில் குறிப்பிட்ட சில வகைகளைக் கண்காணிப்போடு கொடுத்துப் பார்க்கிறார்கள். அதைக் காட்டிக் கடைப் பாக்கெட்டை விற்பதுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. சக மருத்துவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும்: இம்யூனோதெரபி தொடங்கவிருப்பவருக்குச் சாதாரணச் சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள். சிகிச்சையின் பலன் குறையக்கூடும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தடுப்பைப் பற்றிக் கேட்பவர்கள் முதலில் ஹெலிகோபாக்டர் பைலோரியைக் கவனியுங்கள். இரைப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பாக்டீரியா என்று 1994இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. பரிசோதனையில் அது இருப்பது உறுதியானால், எழுதிக் கொடுத்த மாத்திரைகளை முழுவதும் முடியுங்கள். வலி நின்றதும் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த வருடம் வராதீர்கள்.

குடல் பாக்டீரியாவுக்குத் தீனி நார்ச்சத்துதான். சுண்டல், கீரை, கம்பு, கொய்யா எல்லாம் நம் ஊர்ச் சந்தையிலேயே கிடைக்கின்றன. குடல் அடைப்போ வயிற்றுப்போக்கோ இருப்பவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பழைய சோறு வேண்டாம், தயவுசெய்து.

வீட்டில் வாங்கி வைத்திருக்கும் பொடி, கேப்சூல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை எடுத்து வாருங்கள். திட்டமாட்டேன். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.