வக்கீலிடம் சொன்ன ரகசியம் யாருக்குச் சொந்தம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, என்னிடம் படித்த இளம் வக்கீல் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். குரல் நடுங்கியது. "சார், நாளை தாக்கல் செய்ய வேண்டிய ரசீது போலியானது என்று கட்சிக்காரர் இப்போதுதான் ஒப்புக்கொண்டார். நான் என்ன செய்வது?" கட்சிக்காரரின் பெயரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வகுப்பில் படித்ததை மறக்கவில்லையே என்று மனம் நிறைந்தது.

சட்ட மாணவர்களுக்குத் தொழில் நெறி கற்பிப்பது என் வேலை. விதிகளை மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம் என்ற நினைப்போடுதான் பலர் வந்து உட்கார்கிறார்கள். அதனால் முதல் நாளே நியூயார்க் மாநிலத்தில் நடந்த கேரோ வழக்கைச் சொல்லிவிடுவேன்.

1973-இல் கொலை வழக்கில் கைதான ராபர்ட் கேரோ, வேறு இரண்டு பெண்களையும் தான் கொன்றதாகவும், உடல்கள் இன்ன இடத்தில் கிடக்கின்றன என்றும் தன் வக்கீல்களான ஃபிராங்க் அர்மானி, ஃபிரான்சிஸ் பெல்ஜ் இருவரிடமும் சொன்னான். அவர்கள் தேடிப் போய்ப் பார்த்தார்கள். சொன்னது உண்மைதான். ஆனாலும் வெளியே மூச்சு விடவில்லை. மகளைக் காணாமல் தவித்த ஒரு தந்தை அர்மானியைத் தேடி வந்து கேட்டார். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. வக்கீல்களுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்ற செய்தி, 1974 விசாரணையில் கேரோ சாட்சிக் கூண்டில் பேசியபோதுதான் வெளிவந்தது. ஊரே கொதித்தது. பெல்ஜ் மீது குற்றச்சாட்டு பதிவாகி, 1975-இல் தள்ளுபடியானது.

இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். "அந்தத் தந்தையின் முகத்தை எப்படி சார் பார்க்க முடிந்தது?" என்று யாராவது ஒருவர் கேட்பார். என்னிடம் இதமான பதில் கிடையாது. அவர் சொல்லியிருந்தால், அடுத்து வரும் எந்தக் கைதி தன் வக்கீலை நம்பிப் பேசுவான் என்று மட்டும் திருப்பிக் கேட்பேன்.

சிகாகோவின் ஆல்டன் லோகன் வழக்கு இதைவிடக் கனமானது. அவர் செய்யாத கொலையைச் செய்தது தானே என்று வேறொருவன் தன் வக்கீல்களிடம் ஒப்புக்கொண்டிருந்தான். அவர்கள் அதைப் பிரமாண வாக்குமூலமாக எழுதி, உறையிலிட்டுப் பூட்டி வைத்தார்கள். 2007-இல் அவன் இறந்த பிறகே அது வெளியே வந்தது. அதற்குள் லோகன் சிறையில் 26 ஆண்டுகளைக் கழித்துவிட்டார். இந்த வழக்கைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு முறையும் என் மனம் இரண்டாகிறது. நிரபராதி ஒருவர் சிறையில் வாடும்போதாவது ரகசியம் தளர வேண்டும் என்பது என் கருத்து. சக ஆசிரியர்கள் பலர் இதை ஏற்பதில்லை.

இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்பதே ஆபத்தாக இருந்த காலமும் உண்டு. கட்சிக்காரர் பொய் சொல்லப்போகிறார் என்று தெரிந்தால் வக்கீல் என்ன செய்ய வேண்டும் என்று 1966-இல் பேராசிரியர் மன்ரோ ஃபிரீட்மன் வெளிப்படையாக அலசினார். அதற்காக அவர் மீதே ஒழுங்கு நடவடிக்கை கோரியவர்களில், பின்னாளில் அமெரிக்கத் தலைமை நீதிபதியான வாரன் பர்கரும் ஒருவர். புகார் நிற்கவில்லை. ஃபிரீட்மன் கடைசி வரை இதே துறையில்தான் கற்பித்தார்.

இந்தியாவில் கட்சிக்காரருக்கான பாதுகாப்பு தெளிவாகவே இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 132-ஆவது பிரிவாக நடைமுறையில் உள்ளது. உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல், நீங்கள் சொன்னதை வக்கீல் வெளியிட முடியாது. குமாஸ்தாவுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. வக்காலத்து முடிந்த பிறகும் இது நீடிக்கும். அந்த ரகசியம் உங்களுடையது, வக்கீலுடையது அல்ல. ஆனால் சட்டவிரோதமான காரியத்துக்குத் துணை தேடிப் பேசிய பேச்சுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இது தெரியாததால்தான் பலர் சொந்த வக்கீலிடமே மறைக்கிறார்கள். சொத்து வழக்கு ஒன்றில், முன்பே வேறொருவரிடம் முன்பணம் வாங்கியதைக் கட்சிக்காரர் சொல்லாமல் விட்டார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு அந்த ஒப்பந்தத்தை எடுத்து நீட்டியபோது, அவருடைய வக்கீல் அதை முதன்முறையாகப் பார்த்தார். முன்பே தெரிந்திருந்தால் அதற்கு ஒரு விளக்கமாவது தயார் செய்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டண பாக்கி இருக்கிறது என்று வக்கீல் கேஸ் கட்டைத் தர மறுத்தால், தயங்காமல் கேளுங்கள். பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்துவிட்டது. ஜெயித்தால் சொத்தில் இவ்வளவு பங்கு என்று கட்டணம் பேசுவதும் பார் கவுன்சில் விதிகளுக்கு எதிரானது. வழக்கறிஞர் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்படி மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

அன்றிரவு அந்த இளம் வக்கீலிடம் நான் சொன்னது இதுதான்: ரசீதைத் தாக்கல் செய்யாதே. அது இல்லாமல் வழக்கை நடத்தலாம் என்று கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல். கேட்கவில்லை என்றால் முறையாகத் தெரிவித்துவிட்டு விலகு, வேலை செய்யாத பங்குக்கான கட்டணத்தைத் திருப்பிக் கொடு.

கட்சிக்காரர் கேட்கவில்லை. கட்டை வாங்கிக்கொண்டு வேறொரு வக்கீலிடம் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து மாணவர் மீண்டும் அழைத்தார்.

"புதிய வக்கீல் எனக்கு நண்பர், சார். ஏன் விலகினாய் என்று கேட்கிறார். ரசீதைப் பற்றி அவரிடமாவது சொல்லலாமா?"

"கட்சிக்காரர் சம்மதித்தாரா?"

"இல்லை, சார்."

"அப்படியானால் கூடாது" என்றேன்.