‘போலீஸார் தெரிவித்தனர்’ என்ற வரிக்கு முன்

செய்தி டெஸ்க்கில் வேலை செய்யும் நாங்கள் எழுத்துப்பிழையைத் தேடும் அளவுக்கு முன்முடிவைத் தேடுவதில்லை. வெறுப்பாக வெளிப்பட்டால் அது உடனே பிடிபட்டுவிடும். ‘இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே’ என்ற முகத்தோடு வரும்போது அதனிடம் யாரும் சான்று கேட்பதில்லை.

1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்து நெரிசலில் சிக்கிய லிவர்பூல் அணி ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் கடைசி மனிதர் காயத்தின் பாதிப்போடு 32 ஆண்டுகள் வாழ்ந்து 2021இல் இறந்தார். விபத்து நடந்த நான்காம் நாள், ரசிகர்கள் இறந்தவர்களின் பைகளில் திருடினார்கள், போலீஸார் மீது சிறுநீர் கழித்தார்கள் என்று ‘தி சன்’ நாளிதழ் ‘உண்மை’ என்ற தலைப்பிட்டு முதல் பக்கத்தில் வெளியிட்டது. அந்தச் செய்தி ஒரு செய்தி முகமை வழியாக வந்தது. முகமைக்குச் சொன்னவர்கள் போலீஸ் அதிகாரிகளும் ஓர் எம்.பி.யும். கால்பந்து ரசிகர் என்றாலே குடித்துவிட்டுக் கலகம் செய்பவர் என்ற எண்ணம் அன்றைய பத்திரிகைகளில் ஊறிப்போயிருந்தது; எண்ணத்தோடு பொருந்திய செய்தியைச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றாமல் போனதில் எனக்கு வியப்பில்லை. 164 போலீஸ் வாக்குமூலங்கள் கணிசமாகத் திருத்தப்பட்டதை 2012இல் சுயாதீனக் குழு வெளிக்கொணர்ந்தது; மரணங்களுக்கு ரசிகர்களின் நடத்தை காரணமல்ல என்று 2016இல் மரண விசாரணை நடுவர் குழு முடிவு சொன்னது.

நம் டெஸ்க்கில் இந்த முன்முடிவு சொற்களாக வருகிறது. பாலியல் தொழில் வழக்கில் மீட்கப்பட்ட பெண்களை ‘அழகிகள்’ என்றும், கொலையுண்ட பெண்ணின் வாழ்வைக் ‘கள்ளக்காதல்’ என்றும் எழுதுவது செய்தியல்ல, தீர்ப்பு. சிலர் திரண்டால் ‘கும்பல்’, வேறு சிலர் திரண்டால் ‘பொதுமக்கள்’ என்கிறோம். நான் வைத்திருக்கும் சோதனை எளியது: அதே செயலை என் தெருக்காரரோ அலுவலக மேலாளரோ செய்திருந்தால் இதே சொல்லைப் போடுவேனா? தயங்கினால் சொல்லை மாற்றுகிறேன். சில நேரம் தலைப்பின் காரம் போய்விட்டது என்று செய்தியாசிரியர் முணுமுணுப்பார்; அது போகட்டும்.

எல்லாவற்றையும் சந்தேகிப்பது என் வாதமல்ல. நிறுவப்பட்ட அறிவியலுக்கு எதிராக ஒரு பொய்யை ‘மறுதரப்பு’ என்று சம இடம் கொடுத்து நிறுத்துவதும் விசாரிக்காத பழக்கமே. கேட்க வேண்டியது, இதைச் சொன்னவர் எப்படி அறிந்தார், அங்கே நேரில் இருந்தவர்களில் யாரிடம் நாம் பேசவில்லை என்பதுதான். அன்று ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் சாட்சிகளாக இருந்தனர். ‘தி சன்’ 2012இல் முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. ஆனாலும் லிவர்பூல் நகரில் பலர் இன்றுவரை அந்த நாளிதழை வாங்குவதில்லை.