ஆட்டோ டியூன் பக்கம் போகாதீர்கள்

"டியூனிங் பூட்ச்சுண்ணா. ஆட்டோ டியூன் போட்டேன், இருந்த சானலும் பூட்ச்சு." டிவி பழுது பார்க்கிற எனக்கு வடசென்னையில் காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, எங்கிருந்து போன் வந்தாலும் இதே பாட்டுதான். நேற்று ஒரு வீட்டில், எங்கோ வீடியோ பார்த்து செட்டாப் பாக்ஸ் மெனுவுக்குள் நுழைந்து, சிம்பல் ரேட்டில் இருந்த 6875ஐ அழித்து வேறு எண் போட்டிருந்தார்கள். அது கேபிள்காரர் தன் கன்ட்ரோல் ரூமிலிருந்து சிக்னல் அனுப்பும் வேகம். உங்கள் ரிமோட்டுக்காக அவர் மாற்ற மாட்டார்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ வயரிலோ ஏவி வயரிலோ படம் வருகிறதென்றால், டிவிக்குள் இருக்கும் டியூனருக்கு அங்கே வேலையே இல்லை. சானலைப் பிடிப்பது பாக்ஸ். டிவி மெனுவில் ஆட்டோ டியூன் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒன்றும் வராது. பாதிப் பேருக்கு ரிமோட்டில் சோர்ஸ், அதாவது எந்த வயரிலிருந்து படம் எடுப்பது என்பது, மாறியிருக்கும், அவ்வளவுதான். "அப்ப அந்த மெனு எதுக்கு வச்சான்?" என்கிறார்கள். ஆன்டெனா வயரை நேராக டிவியில் செருகுகிறவர்களுக்கு வைத்தான்.

டியூனிங் நழுவிய காலம் உண்டு. சென்னைக்கு 1975இல் தூர்தர்ஷன் வந்தபோது இருந்த செட்டுகளில், உள்ளே சூடானதும், சானலைப் பிடிக்க அலை உண்டாக்கும் ஆசிலேட்டர் தன் அதிர்வெண்ணிலிருந்து நகரும். செட்டுக்குள் 38.9 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் உட்கார வேண்டிய படம் தள்ளி உட்காரும், சத்தம் இரையும். அதற்குத்தான் ஃபைன் டியூனிங் குமிழ். பிறகு வந்த ஏஎஃப்டி என்ற சர்க்யூட் விலகலைத் தானே திருத்தியது. இப்போது பிஎல்எல் என்ற சர்க்யூட், சீராகத் துடிக்கும் கிரிஸ்டலை அளவாக வைத்துப் பூட்டிப் பிடிக்கிறது. மாடியில் டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி வெயிலில் காய்ந்து ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸ் நகர்ந்தாலும் பாக்ஸ் துரத்திப் பிடித்துவிடும்.

ஆக, இப்போது போவது டியூனிங் இல்லை, சிக்னல். நம்ம பக்கம் கடல் காற்று. கனெக்டரைக் கழற்றினால் செம்பு பச்சை பூத்திருக்கும். போதாக்குறைக்கு ஒரு வயரில் மூன்று டிவி. இரண்டாகப் பிரிக்கும் ஒவ்வொரு ஸ்ப்ளிட்டரிலும் பாதிக்கு மேல் பலம் போய்விடும். டிஜிட்டலில் புள்ளி விழுந்து மெல்ல மங்காது. கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் நோ சிக்னல். சில சானல் மட்டும் கூட்டமாகப் போனால் எங்களுக்கு நல்ல துப்பு, அவை ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்து வருபவை. நீங்கள் எல்லாவற்றையும் அழித்து ஸ்கேன் போட்டால் அந்தத் துப்பும் போச்சு.

சோர்ஸ் சரியா பாருங்கள். பாக்ஸை அணைத்துவிட்டு வயரைக் கழற்றி இறுக்கி மாட்டுங்கள். பச்சை பூத்த கனெக்டரைச் சுரண்டாதீர்கள், வெட்டிப் புதிது போடச் சொல்லுங்கள். மழையில் டிஷ் சிக்னல் போனால் காத்திருங்கள், மழை விட்டதும் வந்துவிடும். ஈரத் தளத்தில் ஏறி, கரண்ட் கம்பி பக்கத்தில் டிஷ்ஷைத் திருப்பாதீர்கள். ஒன்றிரண்டு டிகிரி நகர்ந்தாலே சாட்டிலைட் போய்விடும். உங்கள் கால் வழுக்கினால் அதற்கு நான் வர முடியாது.

திரையில் எரர் நம்பர் வந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஃபேக்டரி ரீசெட் மட்டும் வேண்டாம்மா, கெஞ்சிக் கேட்கிறேன்.